உவரூரணியில் குடங்கள் நிறைந்த வருஷம்

உவரூரணியில் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் வழிவிட்டான் இருபத்தாறு வருஷம் இருந்தார். அந்த இருபத்தாறு வருஷத்தில் ஊருக்கு மூன்று தலைவர்கள் வந்து போனார்கள், ஒரு பள்ளிக்கூடம் இடிந்து இன்னொன்று எழும்பியது, சாயல்குடிக்குப் போகிற ரோடு இரண்டு தரம் போடப்பட்டு இரண்டு தரம் பெயர்ந்தது. ஆனால் காலை ஐந்தரை மணிக்கு மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற வால்வுக் குழியின் இரும்பு மூடியில் அவர் வால்வு திருப்புகிற தன் திறப்பால் தட்டுகிற தட்டு மட்டும் ஒரு நாளும் தப்பியதில்லை. ஒரு தட்டு தட்டினால் வடக்குத் தெருவுக்குத் தண்ணீர், இரண்டு தட்டினால் தெற்குத் தெரு, மூன்று தட்டு மேலத் தெரு, நாலு தட்டு கீழத் தெரு. தட்டு கேட்டதும் பெண்கள் அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டுவிட்டு, பிள்ளைக்கு ஊட்டின உருண்டையைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டு, போட்டுக்கொண்டிருந்த சண்டையின் மீதியைக் குழாயடியில் வைத்துக்கொள்ளலாம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு தரம் கீழத் தெருவில் இழவு வீட்டில் மாரடித்து அழுதவர்கள் நாலு தட்டைக் கேட்டு எழுந்து ஓடியதில் பிணம் அரை மணி நேரம் தனியாகக் கிடந்தது.

அந்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வால்வுக் குழிக்குப் பக்கத்தில் பீடி பிடிப்பதுதான் வழிவிட்டானுக்கு இந்த உலகத்தில் இருந்த சுகம். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆள் இடுப்பு உயரத்தில், தலையில் குறுக்குக் கம்பி வைத்த அந்த இரும்புத் திறப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தால், பட்டாளத்துத் துப்பாக்கிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைக்காது.

கீழத் தெருவுக்கு எப்போதும் கடைசியில்தான் திறப்பார். அதற்குக் காரணம் சிட்டம்மா. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அரை மணி நேரம் பிந்தித் திறந்ததற்காக, குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “ஏய்யா வழிவிட்டான், தண்ணி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?” எழுபது பெண்கள் சிரித்தார்கள். அந்த எழுபது பேரில் பதினாலு பேர் இப்போது செத்துப்போனார்கள். செத்தவர்களையும் அவர் மன்னிக்கவில்லை.

அந்தச் சிட்டம்மாவின் மருமகள்தான் நாகஜோதி. புருஷன் கேரளாவில் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தான். நாகஜோதி உண்டாகி ஐந்தாம் மாதம் நடந்தபோது, ஒரு பங்குனி மாதக் காலையில், கீழத் தெருக் குழாயடியில் வரிசையில் வைத்திருந்த குடங்களுக்கு நடுவே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் நாகஜோதியின் குடத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கலாம் என்று தூக்கினால் குடம் கனத்தது. எட்டிப் பார்த்தால் கழுத்து வரைக்கும் தண்ணீர்.

“ஏன்டி, தட்டுறதுக்கு முன்னாடியே புடிச்சிட்டியா?”

“குழாயில காத்துகூட வரல, நான் எங்கிட்டுப் புடிக்க?”

அதற்குள் அடுத்த குடம், அதற்கடுத்த குடம் என்று, சின்னப் பிள்ளை தண்ணீர் குடிக்கிறபோது தொண்டையில் வருகிற சத்தம்போல ஒரு சத்தத்தோடு, நாகஜோதியைச் சுற்றி இருந்த பதினேழு குடங்களும் அடியிலிருந்து மேலே நிறைந்தன. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, நின்று யோசித்தால் யாராவது வரிசையை மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வழிவிட்டான் நாலு தட்டு தட்டி வால்வைத் திறந்தபோது கீழத் தெருவில் ஓட்டம் கேட்கவில்லை. பீடி பாதியில் அணைந்தது. தண்ணீர் ஆளில்லாத குழாயிலிருந்து தெருவில் ஓடி, ஒரு ஆடு வந்து நக்கிப் பார்த்து, உப்புக் கரிக்கிறது என்று தலையை உதறிவிட்டுப் போனது.

நாகஜோதியின் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை என்பதுதான் ஊரைக் கவிழ்த்தது. வெதுவெதுப்பாக, யாரோ உள்ளங்கையில் வைத்திருந்து கொடுத்ததுபோல இருந்தது. அதில் பருப்பு வெந்தது. உவரூரணியில் அதுவரை பருப்பு வெந்ததே கிடையாது, கடைந்துதான் சாப்பிடுவார்கள். சோப்பு நுரைத்தது. சோற்றுப் பானையில் படிகிற வெள்ளைப் பொருக்கு காணாமல் போனது. டீக்கடை செல்லப்பா அந்தத் தண்ணீரில் டீ போட்ட முதல் நாள், குடித்தவர்கள் எல்லாரும் இரண்டாவது டீ கேட்டார்கள். இது எப்படி நடக்கிறது என்று ஒரே ஒருவர்தான் கேட்டார், ஓய்வு பெற்ற வாத்தியார். அவரும் தன் வீட்டில் பருப்பு வெந்ததும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

ஆறாம் மாதத்தில் தெருவுக்குத் தெரு சண்டை வந்தது. கீழத் தெருவுக்கு மட்டும் எப்படி என்று மேலத் தெரு கேட்டது. ஊரில் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் இருக்கிற வழக்கம்போலவே தலைவர் சேதுராசு முறை வைத்தார். திங்கள், வியாழன் வடக்குத் தெரு. செவ்வாய், வெள்ளி தெற்குத் தெரு. புதன், சனி மேலத் தெரு. ஞாயிறு சொந்தத் தெரு. முறை வந்த தெருக்காரர்கள் பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலியோடு போய் அவளை நடக்கவிடாமல் தூக்கிவந்து தெரு நடுவில் வேப்பமர நிழலில் உட்கார வைப்பார்கள். சுற்றிலும் குடங்களும் அண்டாக்களும் டிரம்களும் வட்டம் வட்டமாக வைக்கப்படும். யாரும் வேறு தெருக் குடத்தை நடுவில் நுழைக்காமல் இருக்க இரண்டு பேர் காவல். அவளுக்கு மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தார்கள், காலைப் பிடித்துவிட்டார்கள், விசிறினார்கள். அவள் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்றால் மட்டும், குடங்கள் பாதியில் நின்றுவிடுமே என்று முகத்தைச் சுளித்தார்கள். கிணற்றில் பங்கு கேட்டுப் பழகிய ஊர் அது. ஒரு பெண்ணைப் பங்கு போட்டோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிட்டம்மா அந்த நாட்களில் நடந்த நடையை வழிவிட்டான் செத்தாலும் மறக்க மாட்டார். சீலைத் தலைப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் நடப்பாள். தொட்டிப் பக்கம் வரும்போது மட்டும் நின்று, கேட்கிறமாதிரி சொல்வாள்: “தட்டுங்க, தட்டுங்க. சத்தம் நல்லா இருக்கு.”

அவர் தட்டத்தான் செய்தார். ஐந்தரை மணிக்கு எழுந்து போய், வடக்குத் தெருவுக்கு ஒன்று, தெற்குத் தெருவுக்கு இரண்டு என்று வரிசை மாறாமல் தட்டி, யாரும் வராத குழாய்களுக்குத் தண்ணீர் விட்டார். வயிற்றுக்குள் யாரோ மிளகாயை அரைத்துப் பூசினதுபோல எரிந்தது. அவருக்கு அந்தப் பெண்ணின்மேல் பொறாமை, அவளுடைய மாமியாரின்மேல் பொறாமை, அவள் வயிற்றுக்குள் கண்ணைத் திறக்காமல் கிடக்கிற பிள்ளையின்மேல் பொறாமை. இன்னும் பிறக்கவே இல்லை, மூன்றாம் வகுப்புகூடப் படிக்கவில்லை, அதற்குள் என் வேலையைப் பிடுங்கிக்கொண்டது பார் என்று ஆறுமாதப் பிண்டத்தோடு மனதுக்குள் வழக்குப் பேசினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் குடியிருந்த தெற்குத் தெருவின் முறை. வீட்டுக்கு வந்தால் சோறு பூப்போல இருந்தது, பருப்பு குழைந்திருந்தது. ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது.

“நீயும் போனியா?” என்று மனைவி பஞ்சவர்ணத்தைக் கேட்டார்.

“போகாம? தெரு முழுக்கப் போகுது. ஆறு கொடம் வச்சேன், ஆறும் நெறைஞ்சுச்சு.”

“எம் பொண்டாட்டி அந்தச் சிட்டம்மா வீட்டுத் தண்ணிக்கு வரிசையில நிக்கிறா. சிரிக்க மாட்டாளா அவ?”

“சிரிச்சா. நானும் சிரிச்சேன். முப்பது வருஷமா உப்புத் தண்ணியில தலை குளிச்சு மயிரு பூரா நாராப் போச்சு. இன்னைக்குத்தான் சீப்பு எறங்குச்சு. பேசாமச் சாப்பிடுங்க.”

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பசி பொறுக்காமல் மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார். ருசியாக இருந்ததுதான் இன்னும் எரிந்தது.

சித்திரையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்தது. சரி பண்ணச் சொல்லித் தலைவரிடம் போனால், சேதுராசு பல் குத்திக்கொண்டே, “எதுக்கு மாமா இப்ப அவசரம்? அதான் ஓடுதே” என்றார். தொட்டி காய்ந்தது. உள்ளே காக்கை கூடு கட்டியது. வழிவிட்டானுக்குத் தட்டுவதற்கு மூடி இருந்தது, திறப்பதற்குத் தண்ணீர் இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: “தெருத் தெருவா அந்தப் புள்ளையத் தூக்கிட்டு அலைறீங்க. தொட்டிக்கு அடியில உக்கார வையுங்க. தொட்டி நெறையும். நான் குழாய் வழியா நாலு தெருவுக்கும் பங்கு பிரிச்சு விடுறேன். அவளுக்கும் ஒரே எடத்துல நெழலு.”

சிட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “சுத்தி வளைச்சு, எம் மருமக வயித்துக்கும் இவரு திறப்பு போடப் பாக்குறாருப்பா!”

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை ஆண்களும் சேர்ந்து. ஆனால் நாற்காலி தூக்கி இடுப்பு பிடித்துப்போயிருந்த நாலைந்து பேர் அது நல்ல யோசனைதான் என்றதால், ஆனி மாதம் முதல் நாள் நாகஜோதியைத் தொட்டியின் நாலு தூண்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். அவள் வயிறு அப்போது ஏழு மாதத்து வயிறாக இல்லை. இரட்டைப் பிள்ளை ஒன்பது மாதத்தில் இருப்பதுபோல முன்னால் நின்றது. மூச்சு வாங்கியது. கணுக்கால் வீங்கி மெட்டி இறங்காமல் கழற்றி வைத்திருந்தாள். தலைக்கு மேலே முப்பதாயிரம் லிட்டர்த் தொட்டி, அந்தப் பிள்ளை குடிக்கிற சத்தத்தோடு, மெல்ல மெல்ல நிறையத் தொடங்கியது. கூடு மிதந்ததும் காக்கை கத்திக்கொண்டு பறந்துபோனது.

மறுநாள் காலை அவர் ஒரு தட்டு தட்டினார். வடக்குத் தெரு ஓடியது. இரண்டு தட்டினார். தெற்குத் தெரு ஓடியது. அந்த ஓட்டத்தை மூன்று மாதம் கழித்துக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கியது. பீடியைப் பற்றவைத்தார். காற்றில் குழாயடிப் பேச்சு வந்தது: “நாகஜோதி தண்ணி வந்திருச்சு, ஓடியா, நாகஜோதி தண்ணி!”

முன்பெல்லாம் ‘வழிவிட்டான் திறந்துட்டாரு’ என்பார்கள். அவர் பீடியைத் தரையில் தேய்த்தார். எவ்வளவு நேரம் தேய்த்தார் என்றால், இலை தூளாகி, தூளும் மண்ணாகிப்போகிற வரைக்கும்.

ஒன்பதாம் நாள் தொட்டி வழிந்தது. நாலு தெருவும் பிடித்து முடித்து, அண்டா குண்டா எல்லாம் நிறைந்து, இனி வைக்க இடமில்லை என்று குழாய்களை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். தொட்டியோ நிறைந்துகொண்டே இருந்தது. தெற்குப் பக்கச் சுவரில் பழைய விரிசல் ஒன்று இருந்தது. அதில் ஈரம் கோடாக இறங்கி, கோடு விரலாகி, சிமிண்டுப் பத்தை ஒன்று பெயர்ந்து நாகஜோதியின் காலடியில் விழுந்தது. வழிவிட்டான் அவளை நாற்காலியோடு வெளியே இழுத்துவிட்டு, வால்வுக் குழிக்குள் இறங்கினார். அடியில் கழிவு வால்வு ஒன்று இருக்கிறது, தொட்டி கழுவுகிறபோது மட்டும் திறப்பது. அதில் திறப்பை மாட்டிக் கால் சுற்று திருப்பிவிட்டு நின்றார். காதை இரும்பில் வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கால் சுற்று. மறுபடி காதை வைத்தார். இப்படியே வெயில் ஏறுகிற வரை.

நாகஜோதி குழி விளிம்பில் கையை ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஒரேயடியாத் திறந்துவிட்டா என்ன?”

“குழாய் துள்ளும். மூட்டு மூட்டா விட்டுப் போகும். தண்ணி இழுக்கிற இழுப்புல தொட்டி வெடிச்சாலும் வெடிக்கும்.” அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். “ரொம்ப நெறைஞ்சதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும். எறக்காம விட்டாலும் ஆகாது, அவசரப்பட்டு எறக்கினாலும் ஆகாது.”

அவள் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, “நர்சம்மாவும் இதேதான் சொன்னாங்க” என்றாள்.

நர்சு அருள்மேரி வாரா வாரம் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறவள். போன வாரம் அவளை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்து வந்திருந்தாள். பனிக்குடத்தில் நீரின் அளவு இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இவளுக்கு முப்பத்தாறு. சர்க்கரை இல்லை, பிள்ளைக்கும் குறை தெரியவில்லை, சிலருக்குக் காரணமே தெரியாமல் இப்படிக் கூடிவிடும் என்றார்களாம். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ஊசி வழியாக நீரை மெதுவாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் வயிறு தாங்காமல் நாளைக்கே வலி எடுக்கும். பனிக்குடம் தானாக உடைந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு வருகிற வேகத்தில் தொப்புள்கொடி முன்னால் நழுவிவிடும், பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும். இப்போது முப்பத்திரண்டு வாரம். பிள்ளையின் நெஞ்சு தானாக மூச்சுவிடுகிற அளவுக்கு இன்னும் பழுக்கவில்லை.

“எங்க அயித்தைகிட்டச் சொன்னேன். நீரைக் கொறைச்சா ஊருக்கு என்னடி பதில் சொல்றதுன்னு கேட்டாங்க. தலைவரு முளைப்பாரி முடியட்டும்னாரு. இன்னும் ஒம்பது நாளு. பாரிக்கு இந்தத் தண்ணிதான் ஊத்தணுமாம். எங்க வீட்டுக்காரருகிட்டப் போன்ல சொன்னா, ஊரே தாங்குது உனக்கென்ன கவலைன்றாரு.” அவள் வயிற்றின்மேல் கையை வைத்தாள். “நேத்திலேர்ந்து அப்பப்பக் கல்லாட்டம் இறுகுது மாமா. அப்புறம் விடுது. அப்புறம் இறுகுது.”

வழிவிட்டான் திறப்பிலிருந்து கையை எடுத்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்ற?”

“இந்த ஊருல எல்லாருக்கும் நான் நெறைஞ்சே இருக்கணும். உங்களுக்கு மட்டுந்தான் நான் வத்தணும்.” அவள் சிரிக்கக்கூட இல்லை. “நீங்க எம் மேல பொறாமைப்படுறது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அதான் உங்ககிட்டக் கேக்குறேன்.”

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சிட்டம்மா வீட்டுக்காரி, வாயும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை.

“ஆமா, பொறாமைதான்,” என்றார். “நீ போனாத்தான் எந் திறப்புக்கு மரியாதை.”

“அப்ப என்னய அனுப்பி வையுங்க.”

முளைப்பாரிக் கொட்டகை போட்டிருந்த நாள் அது. பெண்கள் பாத்திரம் பாத்திரமாக நவதானியம் பரப்பி, கொட்டகைக்குள் வெயில் படாமல் வைத்து, நாகஜோதியின் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அன்று விதைத்தது அன்றே முளைவிட்டது. அதைப் பார்த்த பிறகு அவளை ஊர் எல்லை தாண்டவிடுவார்களா? மறுநாள் அருள்மேரி கூப்பிட்டு நூற்றெட்டு வண்டி வந்தபோது, தெரு முனையிலேயே நூறு பெண்கள் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். சிட்டம்மா முன்வரிசை.

“எட்டு நாளுதானம்மா,” என்று தலைவர் நர்சிடம் பணிவாகத்தான் சொன்னார். “சாமி காரியம். மோட்டார் வேற எரிஞ்சு கெடக்கு. ஊரு தவிச்சுப் போகும்.”

“எட்டு மணி நேரம்கூட உறுதி சொல்ல முடியாது. வலி வந்துட்டு இருக்கு அந்தப் பொண்ணுக்கு. புள்ள போயிரும், புரியுதா?”

“எங்க புள்ளைய நாங்க பாத்துக்க மாட்டமா?” என்றாள் சிட்டம்மா. அவளும் பயந்துதான் இருந்தாள். ஆனால் பத்தொன்பது வருஷம் கடைசி வரிசையில் நின்றவளுக்கு முதல் வரிசையை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை.

நாகஜோதி தூண்களுக்கு நடுவே நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டைக் கடித்தாள். விட்டாள். மறுபடி கடித்தாள். அந்த இடைவெளி குறைந்து வருவதை, தண்ணீரின் இடைவெளிகளைக் கேட்டே காலம் கழித்த வழிவிட்டான் கவனித்தார்.

அவர் வண்டிக்காரனிடம் போய், “சாவியத் திருப்பித் தயாரா இரு” என்றார். பிறகு வால்வுக் குழிக்குப் போய், திறப்பை இரண்டு கையாலும் தூக்கி, இரும்பு மூடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

வடக்குத் தெருப் பெண்கள் எழுந்தார்கள். எதற்கு எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. வீட்டில் குடங்கள் நிறைந்து நிற்கின்றன, அண்டாக்கள் நிறைந்து நிற்கின்றன, ஆனால் கால்கள் எழுந்துவிட்டன. இரண்டு தட்டு. தெற்குத் தெரு எழுந்தது, பஞ்சவர்ணம் முதல் ஆளாக. மூன்று தட்டு. மேலத் தெரு, கொட்டகைக்குள் பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை உதறிக்கொண்டு ஓடினார்கள். இத்தனை தெருவுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்ததே கிடையாது, ஆகையால் அது என்ன விசேஷமோ, முந்தாவிட்டால் போய்விடுமோ என்று ஓட்டம் ஓட்டமாக இருந்தது. தலைவரின் மனைவி ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்துத் தலைவரும் கொஞ்ச தூரம் ஓடினார்.

பிறகு நாலு தட்டு. கடைசித் தட்டை அவர் சிட்டம்மாவைப் பார்த்துக்கொண்டே தட்டினார். அவள் நாற்காலியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் கடைசியாகத் தண்ணீர் பிடித்த கால்கள் அவை. “படுபாவி” என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

தெரு காலியானது. அருள்மேரியும் வண்டிக்காரனும் நாகஜோதியைப் படுக்கையில் ஏற்றினார்கள். வழிவிட்டான் நாலு வால்வையும் கடைசிச் சுற்று வரை திறந்துவிட்டு, திறப்பைக் குழியில் போடுவதா கையில் எடுப்பதா என்று தெரியாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு, கூட ஒரு ஆள் வேண்டும் என்று நர்சு கத்தியதால், வண்டியில் ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள்: “நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம்.”

“உறவு என்னன்னு கேக்குறேன்.”

“ஒரு உறவும் இல்ல தாயி. இவ மாமியாருக்கும் எனக்கும் பத்தொம்பது வருஷமாப் பேச்சுக் கெடையாது.”

“அப்ப நீங்க யாரு? கையில என்ன அது, கடப்பாரையா?”

“தண்ணி திறந்துவிடுறவன்,” என்றார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னமோ எழுதினாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வலியை அடக்க மருந்து ஏற்றினார்கள், பிள்ளையின் நெஞ்சு பழுக்க ஊசி போட்டார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசி வழியாக நீரை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் போகிற வருகிற நர்சுகளையெல்லாம், “மெதுவாத்தான எடுக்குறாங்க? கால் சுத்து கால் சுத்தாத்தான?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் உவரூரணியில் பிடித்துவைத்த குடங்களில் தண்ணீர் ஒரு விரல், இரண்டு விரல் என்று இறங்கியது என்றும், யாரோ எங்கோ மெதுவாகத் திறந்துவிட்டதுபோல, ஒரு சொட்டுச் சிந்தாமல், பாதிக் குடத்தில் வந்து நின்றது என்றும் பஞ்சவர்ணம் பின்னால் சொன்னாள்.

சாயங்காலம் சிட்டம்மா பேருந்து பிடித்து வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, முடியை அள்ளி முடிந்துகொண்டு கத்தினாள்: “வயித்தெரிச்சல் புடிச்சவனே! ஊரு குடிக்கிற தண்ணியில மண்ணப் போட்டியே!”

“ஆமா. வயித்தெரிச்சல்தான்,” என்றார். “அவளுக்கு வலி நின்னுருச்சு. உள்ள போயிப் பாரு.”

சிட்டம்மா உள்ளே ஓடினாள். உள்ளே போனவள் அன்று வெளியே வரவில்லை. இரண்டு வாரம் கழித்து நீர் மறுபடி கூடியது, மறுபடி எடுத்தார்கள். முப்பத்தேழாம் வாரத்தில் பெண் பிள்ளை பிறந்தது, இரண்டே முக்கால் கிலோ. பிறந்ததும் அழுதது.

ஊர் அவரை மன்னிக்கவில்லை. கொட்டகையில் பாரி ஒரு சாணுக்கு மேல் வளரவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மோட்டாரைச் சரி பண்ணத் தலைவருக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நாலு மைல் நடந்து தண்ணீர் எடுத்தவர்கள் ஒவ்வொரு அடிக்கும் அவர் பெயரைச் சொன்னார்கள். பிறகு உப்புத் தண்ணீர் வந்தது. பருப்பு மறுபடி வேகவில்லை. ஐந்தரை மணிக்குத் தட்டு கேட்டது, ஓட்டம் கேட்டது, “வழிவிட்டான் திறந்துட்டான், ஓடியா!” என்று குரல் கேட்டது. ‘டான்’ என்றுதான் சொன்னார்கள். அவருக்கு அது போதும்.

மூன்றாம் மாதம் நாகஜோதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடிந்ததும் வால்வுக் குழிக்கு வந்தாள். “பிடிங்க மாமா” என்று அவர் கையில் வைத்தாள். திறப்பைப் பிடித்த கைக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை. பிள்ளை அவரை முறைத்துப் பார்த்தது, அவரும் முறைத்தார். ஒரு காலத்து எதிராளிகள் அல்லவா. பிறகு அவர் சட்டை முன்பக்கம் வெதுவெதுப்பாக நனைந்தது, உள்ளங்கையில் வைத்திருந்து கொடுத்ததுபோல.

“அய்யய்யோ, கொடுங்க,” என்றாள் நாகஜோதி.

“இருக்கட்டும்,” என்றார்.

ஊர் முழுக்கப் பங்கு வாங்கியபோது அவருக்கு முறை வரவே இல்லை. இப்போதுதான் வந்திருக்கிறது, அதுவும் தனி முறை. சட்டையைக் கழற்றாமல், மாரில் ஈரம் தெரிய வடக்குத் தெருவுக்குத் தட்டினார், தெற்குத் தெருவுக்குத் தட்டினார், மேலத் தெருவுக்குத் தட்டினார். யாராவது என்ன ஈரம் என்று கேட்டால் சொல்லலாம் என்று நிமிர்ந்து நின்றார். கடைசியாகக் கீழத் தெருவுக்கு நாலு தட்டு தட்டித் திறந்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தபோது, குழாயடியிலிருந்து சிட்டம்மாவின் குரல் வந்தது:

“எம் பேத்தியா? நேத்து ஒரே நாள்ல எம் மடியில மூணு தரம் ஒண்ணுக்குப் போய்ட்டாடி!”

மிளகாய் அரைத்துப் பூசினதுபோல உள்ளே எரிந்தது. மூன்று தரம். அவர் குனிந்து, கீழத் தெரு வால்வைக் கால் சுற்றுக் குறைத்தார்.

கொஞ்ச நேரம் நின்றார். மூன்று தரம் என்றால் துவைக்கத் துணி எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று யோசித்தார். யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி பண்ணிக்கொண்டு, கால் சுற்றைத் திரும்பக் கூட்டினார்.